விளிம்பு தட்டிய குவளை

"செரின் குடிச்சிருக்கா, அத்தை" என்றான் அவள் அண்ணன் ஜுன்மோ. கசங்கிய கடை ரசீது ஒன்றைக் கட்டிலின் மேல் நீவி வைத்தான்.

கட்டில் காலி. காலை ஆறு மணிக்குப் பிறகு செரினை யாரும் பார்க்கவில்லை. அவளுடைய போன் மட்டும் தலையணைக்கு அடியில் இருந்தது. இருபத்தாறு வயதுப் பெண், சியோல் நகரத்து ரொட்டிக் கடை ஒன்றில் மாவு பிசைகிறவள். நாளைக் காலை ஏழு மணிக்கு அவளுடைய கல்லீரலில் பாதிக்கு மேல் வெட்டி எடுத்து, இதே மாடியின் மறுகோடியில் மஞ்சள் பூத்துக் கிடக்கும் அவள் அப்பா குவாக் டொக்சுவுக்கு வைப்பதாக ஏற்பாடு. சர்ஜன் கறாராகச் சொல்லிவிட்டார். சாயங்காலம் ஆறு மணிக்குள் பெண் திரும்பாவிட்டால் ஆபரேஷன் ரத்து. அப்பாவுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை கிடையாது.

இப்போது மணி இரண்டு.

"அவ ஒரு சொட்டுக்கூடத் தொடமாட்டாடா" என்றாள் அத்தை மல்சூன். மீன் மார்க்கெட்டிலிருந்து ரப்பர் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்தவள். துப்பறியும் ஹேசுக்குக்குப் போன் போட்டு வரவழைத்ததும் அவள்தான்.

ஹேசுக் ரசீதை எடுத்துப் பார்த்தாள். ஐம்பத்திரண்டு வயது. மாற்று அறுவை சிகிச்சைப் பிரிவில், தானம் கொடுக்க வருகிறவர்களைத் தனி அறையில் உட்காரவைத்துப் பேசுகிற வேலையைப் பத்தொன்பது வருஷம் பார்த்தவள். அதை விட்டுவிட்டு, வறுத்த கோழிக் கடைக்கு மேல் மாடியில் ஆபீஸ் போட்டிருக்கிறாள். அதே ஆஸ்பத்திரியில் ஆம்புலன்ஸ் ஓட்டிய டேசிக்தான் அவளுக்கு உதவியாள். பயம் வந்தால் அவனுக்கு வாய் சும்மா இருக்காது. இன்றைக்கு இந்த அறைக்கு வந்ததிலிருந்து நிறையவே பேசிக்கொண்டிருந்தான்.

ஆஸ்பத்திரிக்கு எதிர்க்கடை ரசீது. நேரம் காலை 5.40. சோஜு சாராயம் ஒரு பாட்டில். தலையோடு முழுக் கருவாடு ஒன்று. ஆப்பிள் ஒன்று. பேரிக்காய் ஒன்று. காகிதக் குவளை ஒரு கட்டு.

"எங்க கிடைச்சுது?" என்று கேட்டாள் ஹேசுக்.

"குப்பைத் தொட்டியில. பத்து மணிக்கு வந்தேன், ஆளைக் காணோம். தேடறப்ப பார்த்தேன்." ஜுன்மோவின் குரல் உடைந்தது. "வயித்தைக் கிழிக்கப் போறாங்கன்னு பயம் அவளுக்கு. குடிச்சிட்டா டாக்டரே வேணாம்னு அனுப்பிடுவார்ல? என்னோடதை எடுத்துக்கச் சொல்லித்தான் நான் முதல்ல போனேன். ரத்தக்குழாய் அமைப்பு சேரலைன்னுட்டாங்க. இல்லன்னா அவளுக்கு ஏன் இந்தக் கஷ்டம்?"

அத்தை அவன் முதுகைத் தடவிக் கொடுத்தாள். ஹேசுக் மட்டும் தன் விரல் நகங்களைப் பார்த்தாள். ஹேசுக் அக்கா நகத்தைப் பார்த்தால் மனதுக்குள் எதையோ பூட்டி வைக்கிறாள் என்று டேசிக்குக்குத் தெரியும்.

"உங்க அம்மா?" என்று ஜுன்மோவைக் கேட்டாள்.

"போய் மூணு வருஷம் ஆச்சு. பாஜு மலையில சமாதி."

"கடைசியா எப்ப போனீங்க?"

"அறுவடைப் பண்டிகைக்குக் குடும்பத்தோட போனோம். அதுக்கப்புறம் யாரும் போகலை."

"சரிங்க" என்று ஹேசுக் எழுந்தாள். "டேசிக், கீழ வா."

லிஃப்ட் கதவு மூடியது.

"நீ தனியா குடிக்கப் போனா தொட்டுக்க என்ன வாங்குவே?"

"நான் எங்க தனியா குடிக்கறேன், அக்கா? என் சோகத்தைப் பங்கு போட நாலு பேர் எப்பவும் ரெடி."

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"கிழிச்சு வெச்ச மீன் பாக்கெட். கடலை."

"தலையோட, வாலோட, முழுசா ஒரு கருவாடு? அதோட ஒரே ஒரு ஆப்பிள், ஒரே ஒரு பேரிக்காய்?"

டேசிக் விரல்விட்டு எண்ணிப் பார்த்தான். வருஷத்துக்கு இரண்டு தடவை அவன் அம்மா எழுதித் தருகிற சாமான் பட்டியல் அது. உயிரோடிருக்கிற யாருக்கும் அப்படி வாங்க மாட்டார்கள்.

"படையல்" என்றான்.

"ஆமா. குடிக்கப் போகலை. அம்மா சமாதிக்குப் போயிருக்கா."

"அப்ப அந்த அண்ணன்காரனுக்கு இது ஏன் உறைக்கலை? மூத்த பிள்ளை. வீட்ல படையல் போடறதே அவன்தானே?"

"அதைத்தான் நானும் யோசிக்கறேன். அந்த மாடியில குப்பைத் தொட்டியை எத்தனை மணிக்குக் காலி பண்றாங்கன்னு கேட்டுட்டு வா."

துப்புரவு வேலை செய்கிற அம்மாள் டேசிக்குக்குப் பழைய சிநேகிதி. ஐந்து நிமிஷத்தில் ஓடி வந்தான்.

"எட்டு மணிக்கு. தினமும். இன்னைக்குப் புதுப் பை போட்டது அவங்களேதானாம். செரின் போனது ஆறு மணி. ரசீது எட்டு மணிக்கு மேல வந்து தொட்டியில விழுந்திருக்கு. அதுக்குக் கால் முளைச்சிருக்கணும், அக்கா."

ஹேசுக் சிரிக்கவில்லை. அத்தைக்குப் போன் செய்தாள். "அம்மா, ஒண்ணு சொல்றேன், ஏன்னு கேக்காதீங்க. நாங்க வர்றவரைக்கும் உங்க அண்ணனை விட்டு நகராதீங்க. ஜுன்மோ உள்ள போனா நீங்களும் உள்ள போங்க."

வெளியே குளிர் மைனஸ் ஒன்பது.

பாஜு மலைக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும். ஆம்புலன்ஸ் ஓட்டிய கை ஒரு மணி நேரத்தில் கொண்டுபோய் நிறுத்தியது. சரிவு முழுக்க வரிசை வரிசையாகப் புல் மேடுகள், எல்லாம் பனியில் வெளுத்துக் கிடந்தன. ஒரு ஈ காக்கை இல்லை. அடிவாரத்தில் காவலாளியின் அறை பூட்டியிருந்தது. திங்கட்கிழமை லீவு என்று கண்ணாடியில் எழுதி ஒட்டியிருந்தார்கள்.

"நாள் பார்த்து வந்திருக்காங்க" என்றாள் ஹேசுக்.

"அக்கா, இத்தனை பேர் இருக்காங்க, ஒருத்தர்கூட வாங்கன்னு கூப்பிடலை. கூப்பிடாம இருக்கறதே நல்லது." டேசிக் கைகளை அக்குளில் செருகிக்கொண்டு பின்னால் ஏறினான்.

அம்மாவின் சமாதி மேல் வரிசையில் இருந்தது. கல் மேடையில் படையல் அப்படியே இருந்தது. கருவாடு தலையைக் கிழக்கே வைத்துக் கிடந்தது. ஆப்பிளும் பேரிக்காயும் தலை சீவி வைக்கப்பட்டிருந்தன. நடுவே காகிதக் குவளையில் சோஜு, மேலே பொடிப்பொடியாகப் பனிக்கட்டி படிந்து. செரினைக் காணோம்.

"வந்துட்டுப் போயிட்டா போல."

"குவளையைப் பாரு."

டேசிக் குனிந்தான். சோஜு விளிம்பு வரைக்கும் முட்டிக்கொண்டு நின்றது. இனி ஒரு துளி விட்டால் வழிந்துவிடும். உயிரோடிருப்பவரின் குவளை காலியாகாமல் யாரும் மறுபடி ஊற்ற மாட்டார்கள், குடித்து முடிக்கட்டும் என்று காத்திருப்பார்கள். மேலுக்கு மேல் ஊற்றுவது செத்தவர்களுக்கு மட்டும்தான். முதல் ஆள் ஊற்றி வைத்ததன் மேல் அடுத்த ஆள் தன் பங்கைச் சேர்ப்பான்.

"ரெண்டு பேர் வந்திருக்காங்க" என்றான் மெதுவாக.

"இந்தக் குவளையில ஊத்த உரிமை இருக்கறவங்க. அப்பா படுக்கையில. அத்தை விடியக்காலையிலேயே மார்க்கெட்டுக்குப் போயிட்டாங்க. மிச்சம் யாரு?"

"அறுவடைப் பண்டிகைக்கு அப்புறம் வரவே இல்லைன்னானே!"

"செரின் பேர்ல பழியைப் போட அவனுக்கு ஒரு சோஜு ரசீது போதும். ஆனா அம்மா சமாதிக்கு வெறுங்கையோட வர அவனால முடியலை. கருவாடு, பழம் எல்லாத்தையும் ஒரே பில்லுல வாங்கிட்டான். எந்தக் கெட்டது பண்ணப் போனாலும் நம்ம ஆளுங்களுக்கு இது மட்டும் விடாது, டேசிக்."

மேடைக்குப் பக்கத்தில் பாட்டில் நின்றிருந்தது. முக்கால் வாசி மிச்சம். ஹேசுக் அதை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். சோஜு தண்ணீராட்டம் தெளிவாக இருக்க வேண்டும். இதன் அடியில் வெள்ளையாக ஒரு விரல் கனத்துக்கு மாவு தங்கியிருந்தது.

"தூக்க மாத்திரை. பொடி பண்ணிப் போட்டிருக்கான்."

"செரின் எதுக்கு அதைக் குடிக்கப் போறா? நாளைக்கு ஆபரேஷன், அக்கா!"

"படையல் முடிஞ்சதும் என்ன பண்ணுவாங்க?"

படைத்த சோஜுவை ஆளுக்கொரு வாய் குடிப்பார்கள். அது செத்தவர்கள் கொடுக்கிற ஆசீர்வாதம். அம்மா கையால் கொடுப்பதை வேண்டாம் என்று எந்தப் பிள்ளையும் சொல்லாது. அதுவும் அண்ணன் ஊற்றி நீட்டும்போது.

"குடிச்சிட்டு இந்தக் குளிர்ல தூங்கினா..."

"பயந்து ஓடிப்போன பொண்ணு, குடிச்சிட்டு அம்மா சமாதிகிட்ட விறைச்சுக் கிடந்தான்னு எழுதிக்கிட்டுப் போவாங்க. அப்பாவும் ஞாயிற்றுக்கிழமைக்குள்ள முடிஞ்சுடுவார். தேடு!"

இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் ஓடினார்கள். ஒவ்வொரு மேட்டுக்கும் பின்னால் எட்டிப் பார்க்கும்போதெல்லாம் டேசிக் கண்ணை மூடி மூடித் திறந்தான். இந்தத் தடவை வாயில் ஒரு ஜோக்கும் வரவில்லை. பிளாஸ்டிக் பூ விற்கிற தகரக் கொட்டகை ஒன்று சரிவின் பாதியில் இருந்தது. அதன் கதவிடுக்கில் ஒற்றை ஷூ தெரிந்தது.

"அக்கா!"

பூ மூட்டைகளுக்கு நடுவே செரின் சுருண்டு கிடந்தாள். கோட் இல்லை. உதடு நீலம் பாரித்திருந்தது. ஹேசுக் முட்டிபோட்டு உட்கார்ந்து கழுத்தில் விரல் வைத்தாள்.

"உயிர் இருக்கு."

கழுத்தில் சுற்றியிருந்த ஸ்கார்ஃப் விறைத்து அட்டையாகியிருந்தது. ஹேசுக் அதை முகர்ந்தாள். முகம் விழுந்துவிட்டது. டேசிக்கும் முகர்ந்தான். சோஜு. குப்பென்று அடித்தது.

"குடிச்சிட்டாளே" என்றான். அழுகை வந்தது. முகம்கூடத் தெரியாத ஒரு மஞ்சள் மனிதருக்காக.

செரினின் கண் திறந்தது. தெளிவாகத்தான் பார்த்தாள்.

"குடிக்கலை" என்றாள். பல் தந்தியடித்தது. "நர்ஸ் அக்கா ஒரு சொட்டுக்கூடக் கூடாதுன்னாங்கல்ல..."

காரில் ஹீட்டரை முழுசாகத் திருகிவிட்டான் டேசிக். பின்சீட்டில் ஹேசுக் தன் கோட்டை அவளுக்குப் போர்த்தி, காலைத் தேய்த்துவிட்டாள். போலீஸுக்கும் அத்தைக்கும் பேசி முடித்தாள். பிறகுதான் செரினுக்கு ஒழுங்காகப் பேச்சு வந்தது.

"விடியறதுக்கு முன்னாடியே அண்ணன் வந்தான். அம்மா குடுத்த உடம்புல கத்தி படப்போகுது, அம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வரலாம், நர்ஸ்கிட்ட கேட்டா விடமாட்டாங்கன்னான். எனக்கும் அது சரின்னு பட்டுச்சு. போனை வெச்சிட்டு வா, அம்மா முன்னாடி எதுக்குன்னான். படையல் முடிஞ்சு வேற குவளையில ஊத்தி நீட்டினான். அம்மா குடுக்கறதை எப்படி வேணாங்கறது? நர்ஸ் சொன்னதை எப்படி மீறறது? அண்ணன் பெரியவன்ல, முகத்தைத் திருப்பிக்கிட்டுத்தானே குடிக்கணும்? திருப்பிக்கிட்டு ஸ்கார்ஃப்ல ஊத்திட்டேன்."

"அவன் குடிச்சானா?"

"வண்டி ஓட்டணும்னான். கோட்டைக் குடு, ஹீட்டர்ல சூடு பண்ணி வெச்சு வண்டியை மேல கொண்டுவரேன், அம்மாகூட உட்காரு, சாஞ்சுக்கோன்னான். வரவே இல்ல. இறங்கறப்ப ஐஸ்ல வழுக்கிக் கால் பிசகிடுச்சு. போன வாரம் அப்பாவோட டோஃபு ஆலைக்குப் போயிருந்தேன், அக்கா. கேட்ல வேற யாரோட பேரோ போட்டிருந்துச்சு. அப்பாவுக்குத் தெரியாம வித்திருக்கான். அப்பா நல்லானதும் நானே சொல்லிக்கறேன், நீ சொல்லாதேன்னான். நம்பிட்டேன்."

டேசிக் கண்ணாடியில் பார்த்தான். அக்கா நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"செரின், என் பழைய வேலையில ஒரு கேள்வி கேப்பேன். இப்பவும் கேக்கணும். நமக்குள்ளதான். முன்னாடி ஓட்டறவன் செவிடு."

"ரெண்டு காதும்" என்றான் டேசிக்.

"வேணாம்னு தோணுச்சுன்னா இப்ப சொல்லிடு. இவ்வளவு நடந்ததுக்கு அப்புறம் யாரும் உன்னை ஒண்ணும் கேக்க முடியாது. ரத்தக்குழாய் அமைப்பு சேரலைன்னு டாக்டர் வீட்டுக்குச் சொல்லிடுவார். அந்த வாக்கியத்தை எத்தனை குடும்பத்துக்கிட்ட சொல்லியிருக்கேன் தெரியுமா? பயப்படறது குத்தமில்ல. யாருக்கும் உண்மை தெரியவே தெரியாது."

அதே வாக்கியத்தை மதியம் டேசிக் ஜுன்மோவின் வாயிலிருந்து கேட்டிருந்தான். செரினும் கேட்டிருப்பாள் போல.

"அண்ணனுக்கும் அதேதானே சொன்னாங்க?"

"எனக்குத் தெரியாது. தெரிஞ்சாலும் சொல்ல மாட்டேன்."

செரின் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. "வேணாம்னு சொல்லியிருந்தா நான் கோவிச்சிருக்கவே மாட்டேன். என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம், அக்கா. நான் அவனை இவ்வளவு..." முடிக்காமல் அழுதாள். ஹேசுக் தடுக்கவில்லை.

பிறகு மூக்கை உறிஞ்சினாள். "கல்லீரல்ல கொழுப்பு இருக்குன்னாங்க. மூணு மாசத்துல பதினோரு கிலோ குறைச்சேன். ரொட்டிக் கடையில நின்னுக்கிட்டு, வெண்ணெய் வாசனையை மட்டும் மோந்துக்கிட்டு. இப்ப போய் வேணாம்பேனா? மணி என்ன?"

"நாலு நாப்பது."

"அந்தச் செவிட்டு அண்ணனை வேகமா ஓட்டச் சொல்லுங்க."

ஐந்து முப்பத்தைந்துக்கு ஆஸ்பத்திரி மாடியில் ஹேசுக்கும் டேசிக்கும் மட்டும் லிஃப்டிலிருந்து வெளியே வந்தார்கள். அப்பாவின் அறை வாசலில் ஜுன்மோ நின்றான். எதிரே நாற்காலியில் ரப்பர் பூட்ஸும் கட்டிய கையுமாக அத்தை. காபி மெஷின் அருகே, ஆஸ்பத்திரிக்குச் சம்பந்தமில்லாத இரண்டு பேர் அரை மணி நேரமாக ஒரே காபியைக் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"கிடைச்சாளா?" ஜுன்மோ ஓடி வந்தான்.

"மலை வரைக்கும் போனோம்" என்றாள் ஹேசுக். "அம்மா சமாதியில யாரோ படையல் போட்டிருக்காங்க. வெயிலும் பனியும் தின்னட்டும்னு விட்டுட்டு வர மனசு வரலை."

பையிலிருந்து எடுத்து ஜன்னல் திண்டில் வைத்தாள். தலை சீவிய ஆப்பிள். கருவாடு. காகிதக் குவளை. கடைசியாகப் பாட்டில். கார் குலுக்கலில் சோஜு கொஞ்சம் வெளுத்திருந்தது.

ஜுன்மோ பாட்டிலையே பார்த்தான்.

"அம்மாவோட பங்கு" என்றாள் ஹேசுக். "ஆளுக்கு ஒரு வாய். மூத்த பிள்ளையிலேர்ந்து."

அத்தை எழுந்தாள். அவளே ஊற்றினாள். முப்பது வருஷமாக மீன் வெட்டுகிற கை அது. "வாங்கிக்கோடா."

ஜுன்மோ இரண்டு கையாலும் வாங்கினான். பெரியவர்கள் கொடுத்தால் இரண்டு கை தானாக நீளும். நீண்ட பிறகுதான் அவனுக்கு உறைத்தது.

"வண்டி ஓட்டணும், அத்தை."

"சாவியைக் குடு. நீ எங்கயும் போகப் போறதில்ல."

"ஆஸ்பத்திரியில எப்படி..."

"உன்னைப் பெத்தவ குடுக்கறது. குடி."

காபி குடித்துக்கொண்டிருந்தவர்கள் கோப்பையைக் கீழே வைத்தார்கள். ஜுன்மோ அத்தையைப் பார்த்தான், ஹேசுக்கைப் பார்த்தான். நெற்றி வேர்த்திருந்தது. குவளை மெதுவாக உதட்டுக்குப் போனது. போகும்போதே, சின்ன வயதிலிருந்து பழகிய கழுத்து, பெரியவர்களிடமிருந்து பக்கவாட்டில் திரும்பியது. அவன் என்ன கணக்குப் போட்டானோ, சட்டைக் காலருக்குள் ஊற்றிவிடத்தான் நினைத்தானோ, யாருக்குத் தெரியும்?

அவன் முகம் திரும்பிய பக்கம் வேலையாட்களின் லிஃப்ட் இருந்தது. அதன் கதவு திறந்திருந்தது. சக்கர நாற்காலியில், ஹேசுக்கின் கோட்டுக்குள், செரின் உட்கார்ந்திருந்தாள்.

"நானும் அப்படித்தான் திரும்பிக்கிட்டேன், அண்ணா" என்றாள்.

குவளை தரையில் விழுந்தது. அதை யாரும் குனிந்து எடுக்கவில்லை. அந்த இரண்டு போலீஸ்காரர்களும் வந்து ஜுன்மோவின் கைகளைப் பிடித்தபோது அவன் திமிறவும் இல்லை. சிந்திய சோஜுவையே பார்த்துக்கொண்டு நின்றான்.

செரின் அவனைத் தாண்டி நர்ஸிடம் சக்கரத்தை உருட்டினாள். சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டி நீட்டினாள்.

"ரத்தம் எடுத்துப் பாருங்க, அக்கா. ஆறு மணிக்கு இன்னும் பத்து நிமிஷம் இருக்கு."